மகதலா மரியாளின் கழுத்து

எங்கள் ஊர் இயேசுவுக்கு இடுப்பு நாற்பத்து நான்கு அங்குலம். யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, அளவெடுத்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். திண்டிவனத்தில் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகள், மரணம், உயிர்ப்பு மூன்றையும் மூன்று மணி நேரத்தில் நடித்துக் காட்டுவார்கள். அதற்கு உடுப்பு தைக்கிறவள் நான், லேடீஸ் டெய்லர் கிளாரா. 1990இல் ஞானராஜ் முதன்முதலாக இயேசுவாக நின்றபோது அவருக்கு வயது சரியாக முப்பத்து மூன்று, இடுப்பு முப்பது. அதற்கப்புறம் இயேசுவுக்கு வயது ஏறவில்லை, ஞானராஜுக்கு ஏறிக்கொண்டே போனது. 2009இல் அவருக்கு ஐம்பத்திரண்டு. வெள்ளை அங்கியின் பக்கத் தையலை வருஷம் தவறாமல் பிரித்துப் பிரித்து, கடைசியில் பிரிக்கத் துணியே இல்லாமல் போய், இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்தேன். சிலுவையில் தொங்கும் காட்சியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கி வைத்திருப்பார். ஜனங்கள் அதை வேதனை என்று நினைத்து அழுவார்கள்.

அவர் மனைவி சூசை மேரி எனக்குப் பக்கத்து வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அந்த வருஷம் நாற்பத்தாறு. கல்யாணமான இரண்டாவது வருஷமே மகதலா மரியாளாக மேடையேறியவள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பாத்திரம் அவளுடையது. கூந்தலால் இயேசுவின் பாதத்தைத் துடைப்பாள், சிலுவையடியில் அழுவாள், கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் உயிர்த்தவரை முதலில் பார்ப்பாள். தோட்டக்காரன் என்று நினைத்து அவள் அழுதுகொண்டிருக்கும்போது இயேசு அவள் முகத்தைப் பார்த்து "மரியா" என்று கூப்பிடுவார். அவள் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டு விழுவாள்.

மேரி என்பதும் மரியா என்பதும் ஒரே பெயர்தானே. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வருஷம் பூராவும் காத்திருந்தாள். ஞானராஜ் வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. "இந்தாமே" என்பார். விருந்தாளி வந்தால் "ஜூட்டம்மா" என்பார். ஜூட் என்பது சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை. சூசை மேரி என்ற பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, கோயில் பதிவேட்டில் இருந்தது, அவர் வாயில் மட்டும் இல்லை. ஒரு தடவை அங்கிக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தபோது அவளே என்னிடம் சொன்னாள்.

"வருசத்துக்கு ஒரு வாட்டிதான் கிளாரா, அந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்து பேரு சொல்லிக் கூப்புடறாரு. அதுக்காவ கல்லறை இன்னா, நரகத்துக்கு வேணும்னாலும் போயி நிப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொண்டாட்டி தன் பெயரைக் கேட்க வேஷம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் இல்லாமல் போய்விடும்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த மறுநாள் சாயங்காலம், கோயிலின் ஞானோபதேச அறையில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்யக் கூட்டம். நாடகத்தை நடத்துகிறவர் அந்தோணி பிரபு, பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அவர் அப்பாவுக்குப் பிறகு இந்தப் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. வழக்கமாக மாதாவாக நடிக்கும் வயதான அம்மா ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டதால் ஓர் இடம் காலி. பிரபு நோட்டைப் பிரித்து, தலையை நிமிர்த்தாமல் படித்தார்.

"மாதா, சூசை மேரியக்கா. மகதலா மரியா, நம்ம வெனிலா."

வெனிலா நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண், இருபத்திரண்டு வயது. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐம்பத்திரண்டு வயது மகனுக்கு நாற்பத்தாறு வயது அம்மா. தன்னைவிட ஆறு வயது மூத்த பிள்ளையைப் பெற்ற அதிசயம் வேதத்திலேயே கிடையாது, திண்டிவனத்தில் நடந்தது. அதுவும் தாலி கட்டின புருஷனையே பெற்றிருக்கிறாள்.

"எனக்கு இன்னா பிரபு, அவ்ளோ வயசாயிடுச்சா?" என்று சூசை மேரி கேட்டாள்.

"வயசு இல்லக்கா," என்று பிரபு நெளிந்தார். "போன வருசம் கேபிள்காரன் வீடியோ எடுத்தான் பாருங்க, அதுல க்ளோசப் வெச்சுட்டான். மூஞ்சி பரவால்ல. கழுத்துதான் கொஞ்சம் காட்டிக் குடுக்குது."

அறையில் இருந்த பதினெட்டு பேரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். ஞானராஜ் மட்டும் மின்விசிறியைப் பார்த்தார்.

கழுத்தைப் பற்றி எனக்குத் தெரியும். இருபத்து நாலு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களின் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வயது முதலில் வந்து உட்காருகிற இடம் அதுதான். நாற்பது தாண்டியவர்கள் "கழுத்த கொஞ்சம் ஏத்தி வெச்சுத் தெச்சுடு கிளாரா" என்பார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். ஆம்பளைக்கு அந்தத் தொல்லை இல்லை, காலர் இருக்கிறது. எங்கள் இயேசுவுக்கோ காதிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒட்டுத் தாடி இருந்தது. அதற்குக் கீழே இரண்டு மடிப்புத் தாடை இருந்தால்தான் கேபிள்காரனுக்கு எப்படித் தெரியும்?

சூசை மேரி விடவில்லை. கெஞ்சினாள். பிரபுவுக்குத் தப்பித்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"சரிக்கா. குருத்தோலை ஞாயித்துக்கெழம மேக்கப் போட்டு ஒரு டெஸ்ட் பாத்துடலாம். அப்ப முடிவு பண்ணலாம்."

ஆளை அனுப்புவதற்காகச் சொன்ன பேச்சு அது. அவள் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். கடையில் ஒரு பெண்கள் பத்திரிகையோடு இலவசமாகத் தந்த குட்டிப் புத்தகம் கிடந்தது. 'வீட்டிலேயே முகம், கழுத்து மசாஜ். பத்தே நாளில் பத்து வயது குறையும்' என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையில் சிரித்த பெண்ணுக்கு வயதே இருபதுதான் இருக்கும். அவள் பத்து வயதைக் குறைத்துக்கொண்டால் என்ன ஆவாள் என்று நான் கேட்டேன்.

"உனக்கு எல்லாம் கிண்டல்தான்," என்று சொல்லிவிட்டு சூசை மேரி புத்தகத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பத்து நாளுக்குப் பத்து வயது என்றால் தவக்காலம் நாற்பது நாளில் நாற்பது வயது குறையும். ஈஸ்டருக்கு இவளை ஒன்றாம் வகுப்பில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

புத்தகத்தில் முறை தெளிவாக எழுதியிருந்தது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். பாதாம் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, காறை எலும்பிலிருந்து தாடை வரைக்கும் கழுத்தை நீவ வேண்டும். தாடை நுனியிலிருந்து காது மடல் வரைக்கும் இரண்டு விரலால் இழுக்க வேண்டும். வாயோரத்திலிருந்து கன்னத்தை ஏற்றிவிட வேண்டும். கண்ணைச் சுற்றி மோதிர விரலால் மட்டும் தொட வேண்டும். நெற்றியைப் புருவத்திலிருந்து முடி வரைக்கும் தள்ள வேண்டும். எல்லாம் கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே ஒரு தடவை நீவிவிட்டாலும் செய்தது அத்தனையும் வீண் என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும், கழுத்துக்கு மட்டும் ஐம்பது தடவை.

பாதாம் எண்ணெய்க்கு அவள் மெனக்கெடவில்லை. அவள் பிறந்த ஊர் ஓமந்தூர். அங்கேயிருந்து செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், அதாவது வேர்க்கடலை எண்ணெய், மாதம் ஒரு கேன் வந்துவிடும்.

"பாதாமும் பருப்பு, மல்லாட்டையும் பருப்பு. தோலுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றாள்.

தோலுக்குத் தெரிந்ததோ என்னவோ, தெருவுக்குத் தெரிந்தது. முதல் வாரம் பூராவும் அவள் பக்கத்தில் நின்றால் போண்டா வாசனை அடித்தது. ஒருசந்தி பிடித்து வெறும் கஞ்சி குடிக்கிறவர்களுக்குத் தவக்காலத்தில் அது பெரிய சோதனை. மூன்றாம் நாள் அவள் தாடையில் நாலு கொப்புளம் வேறு கிளம்பியது. எண்ணெயைக் குறைத்துக்கொண்டு, அரைத் தேக்கரண்டியில் சமாளித்தாள். வாசனையும் அடங்கியது.

அடுத்த தொல்லை எண்ணிக்கை. முப்பதைத் தாண்டினால் அவளுக்கு மறந்துபோகும், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாள் அப்படி எண்பது தடவை நீவிக்கொண்டு, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று மணி. ஒரு கையில் மணியை உருட்டிக்கொண்டு, மணிக்கு ஒன்றாகச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒவ்வொன்றுக்கும் மற்றக் கையால் கழுத்தில் ஒரு நீவல். பாதி ஆனதும் கை மாற்றுவாள். பரலோக மந்திரம் வரும்போது கன்னம். பிதாவுக்கும் சுதனுக்கும் நெற்றி.

"இது பாவமில்லியாக்கா?" என்று நான் கேட்டேன்.

"செபமும் ஆச்சு, கழுத்தும் ஆச்சு. சாமி குடுத்த கழுத்துதான?"

"புத்தகத்துல அம்பதுதான் போட்டிருக்குது."

"மூணு மேல இருக்கட்டும்," என்றாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு தடவை, நைட்டியின் பட்டனைக் கழற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். யார் தட்டினாலும் திறக்க மாட்டாள். வெளியே கேட்பதெல்லாம் முணுமுணுப்பு மட்டும்தான். ஞானராஜ் அதைக் கேட்டு உருகிப்போனார். அவர் விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க், தினமும் ரயிலில் போய் வருகிறவர். ரயிலில் கூட வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு வந்தது எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது. "ஜூட்டம்மா ரெண்டு வேளையும் கதவ சாத்திக்கினு அம்பத்து மூணு மணி சொல்றா. வெளிய வரும்போது மூஞ்சி அப்டியே ஜொலிக்குது." எண்ணெய் பூசினால் வாணலிகூடத்தான் ஜொலிக்கும்.

நான்காவது வாரம் சாட்டின் துணி எடுக்க இருவரும் விழுப்புரம் போனோம். கடைக்காரப் பையன் துணியை விரித்துப் போட்டு, "அக்கா, இந்த நீலம் பாருங்க" என்று சூசை மேரியிடம் காட்டினான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தினி மீட்டரும்மா?" என்றான். அவளுக்கு அக்கா, எனக்கு அம்மா. நான் அவளைவிட இரண்டு வயது சின்னவள். துணி சாயம் போகும், நூல் மட்டம் என்று நான் அவனோடு கால் மணி நேரம் சண்டை போட்டேன். சூசை மேரி சிரித்துக்கொண்டு நின்றாள். பஸ் விக்கிரவாண்டியில் நின்றபோது ஜன்னல் கண்ணாடியில் அவள் தன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு என் கழுத்தை நீவினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னிடம் ஜெபமாலை சொல்லும் பொறுமை இல்லாததால் பதினேழாவது தடவையோடு நிறுத்திவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கழுத்தில் இருந்த இரண்டு கோடும் அப்படியேதான் இருந்தன. டேப்பைப் போட்டுப் பார்த்தவள் சொல்கிறேன். ஆனால் முகம் தெளிந்திருந்தது. தாடை கொஞ்சம் இறுகியிருந்ததுபோலவும் தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவளை யாரோ அன்பாகத் தொட்டிருக்கிறார்கள், அது அவள் கையாகவே இருந்தாலும். முகம் தெளியாமல் என்ன செய்யும்?

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து, கையில் ஓலைச் சிலுவையோடு எல்லோரும் ஞானோபதேச அறைக்கு வந்தார்கள். பிரபு அவளை நாற்காலியில் உட்காரவைத்து பவுடர் போட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவள் தாடையைத் தூக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிரபுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, மூஞ்சில ஒரு அருள் வந்திருக்குது. சத்தியமா சொல்றேன், மாதாவே வந்து உக்காந்தா மாதிரி இருக்குது."

அவள் முகம் விழுந்துவிட்டது. நாற்பது நாள் மேலே ஏற்றியதெல்லாம் ஒரு நொடியில் இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நான் மகதலாவுக்குத்தான டெஸ்டுக்கு வந்தேன்?"

"அதெல்லாம் இனிமே பேச்சே இல்லக்கா. மாமா எல்லாம் சொன்னாரு. மாதா பாத்திரத்துக்காவ கதவ சாத்திக்கினு ரெண்டு வேளையும் ஜெபமாலை சொல்லித் தயார் பண்றீங்கன்னு. எங்கப்பா காலத்துலயும் இப்டி யாரும் பண்ணதில்ல. மாமா ஆரம்பத்துலயே கரெக்டா சொன்னாரு பாருங்க."

"இன்னா சொன்னாரு?"

பிரபு நல்ல மனுஷன், நல்ல மனுஷர்களுக்கே உரிய மாதிரி எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. "பக்கத்துல நின்னா எனக்கு அக்கா மாதிரி தெரியறா, மகதலாவுக்கு வேற சின்னப் பொண்ணா பாரு, அவள மாதாவா போட்டுடுன்னு. கூட்டத்துக்கு மொத நாளே வூட்டுக்கு வந்து சொன்னாரே."

ஆக, கேபிள்காரனும் இல்லை, க்ளோசப்பும் இல்லை. ஞானராஜ் கண்ணாடி முன்னால் நின்று நீள முடி விக்கைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"நாடகந்தானமே. இதுக்குப் போயி இன்னா பேஜாரு?"

நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். "வுட்டுட்டு வாக்கா. மாதாவுக்கு வேற ஆள் தேடட்டும். நானே உடுப்பு தெக்க மாட்டேன்."

"இல்ல கிளாரா. மாதாவாவே நிக்கிறேன்," என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மசாஜை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் போனது. காலை ஐந்தரைக்கு அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இனிமேல் எதற்கு என்று கேட்டேன். கை பழகிப்போச்சு என்றாள்.

அந்த வருஷம் எலெக்‌ஷன் சமயம். மைக்குக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நாடகத்தை வெயில் தாழ ஐந்தரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் மைதானத்தில் இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. காணை கிராமத்திலிருந்து ஞானராஜின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே கயிற்றில் மூன்று மைக் தொங்கும், மைதானத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டி. வசனம் பேசுகிறவர்கள் ஏதாவது ஒரு மைக்குக்குக் கீழே போய் நின்று பேச வேண்டும்.

முதல் பாதி நன்றாகவே போனது. வெனிலாவுக்கு முடி தோள்வரைதான் என்பதால் சவுரி வைத்துப் பின்னியிருந்தேன். அவள் சவுரியால் பாதம் துடைத்தாள், இயேசு மனமிரங்கி மன்னித்தார். சிலுவைக் காட்சியில் வயிற்றை எக்கினார், ஜனங்கள் அழுதார்கள். உயிர் பிரிந்தது.

அப்புறம் வியாகுல மாதா காட்சி. செத்த மகனை மாதாவின் மடியில் கிடத்துவார்கள், அவள் புலம்பிப் பாடுவாள். ஞானராஜின் எடையை எந்த மடியும் தாங்காது. அதனால் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டுத் துணியால் மூடியிருந்தோம். ஒத்திகையில் மேடையின் இடது ஓரத்தில்தான் கிடத்தினார்கள். அன்றைக்கு அவள் ஸ்டூலை நடு மைக்குக்கு நேர் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கி வந்தவர்கள் தடுமாறி அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் அடக்கத் துணியோடு திரைக்குப் பக்கத்தில், நாலு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஆர்மோனியம் ஆரம்பித்தது.

இரண்டு அடி பாடினாள். பிறகு அவள் கை அவர் கழுத்துக்குப் போனது. காறை எலும்பிலிருந்து தாடைக்கு, மெதுவாக, கீழிருந்து மேலே. தாடை நுனியிலிருந்து காதுக்கு. வாயோரத்திலிருந்து கன்னத்துக்கு. பெற்ற மகனைத் தடவுகிறாள் என்று மைதானம் பூராவும் விசும்பல். இத்தனை நாளாக என்ன பழகியிருக்கிறாள் என்று எனக்குத்தானே தெரியும். அவள் விரல் தாடியின் ஓரத்துக்குள் நுழைந்து நின்றது. பாட்டு நின்றுவிட்டது.

"எம்பேரச் சொல்லு," என்றாள்.

செத்தவரின் இமை துடித்தது. அவரிடம் 'ங்க' போடாமல் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

"இன்னாமே பண்றே?" என்றார் உதடு அசையாமல்.

"எம்பேரச் சொல்லு. இல்லன்னா தாடி கையோட வரும்."

காதுப் பக்கம் ஓர் ஓரம் பிரிந்து, உள்ளே நரைத்த முள்முடி தெரிந்தது. முன்வரிசையில் காணைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவரால் எழுந்திருக்க முடியாது, கையைத் தட்டிவிட முடியாது. அவர் செத்துப்போயிருந்தார்.

"மரியா," என்றார்.

"அது மகதலாவோட பேரு. எம்பேரு இன்னா?"

ஆர்மோனியம் வாசிக்கிறவன் என்னவோ ஏதோ என்று கையை எடுத்துவிட்டான். மைதானம் முழுக்க அமைதி. அந்த அமைதியில், நாலு மூலை ஸ்பீக்கரிலும், இறந்துபோன இயேசுவின் குரல் கணீரென்று வந்தது.

"சூசை மேரி. சூசை மேரி, வுடு, மானம் போவுது."

சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பக்கத்திலிருந்தவள் பொத்தாமல் சிரித்தாள், அப்புறம் மைதானமே சிரித்தது. பங்குச் சாமியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார். பிரபு திரையை இழு என்று எனக்குக் கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். சூசை மேரி பிரிந்த தாடி ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள், மிச்சப் பாட்டையும் ஒரு வரி விடாமல் பாடி முடித்தாள்.

அதற்குப் பிறகு உயிர்த்தெழ வேண்டியிருந்தது, பாவம். தோட்டத்தில் அவர் வெனிலாவைப் பார்த்து "மரியா" என்று ஆரம்பித்தார். கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "சூசை மேரின்னு கூப்புடுய்யா" என்றது. வெனிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாள் என்று யாரும் நினைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஞானோபதேச அறையில் அவள் பஞ்சால் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் உடுப்பின் கொக்கியைக் கழற்றிவிட்டேன்.

"போதுமாக்கா?"

"பத்தொம்பது வருசமா நோட்டுல எழுதியிருந்த பேரச் சொன்னாரு. இன்னிக்கு எம்பேரச் சொன்னாரு."

என் வாய் சும்மா இருக்காது. "பயத்துலதான சொன்னாரு?"

"ஆமா, பயத்துலதான்," என்றாள். "ஆசையில சொல்லுவாருன்னு பத்தொம்பது வருசம் கழுத்த நீட்டிக்கினு நின்னேன். வரல. பயத்துல ரெண்டு நிமிசத்துல வந்துடுச்சு."

வாசலில் ஞானராஜ் வந்து நின்றார். விக் கையில் இருந்தது, தாடி போட்டிருந்த இடம் சிவந்திருந்தது. முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பஞ்சைக் கழுத்தடியிலிருந்து தாடைக்கு இழுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சூசை மேரி, போலாமா?"

"அஞ்சு நிமிசம் ஆவும்," என்றாள். "வெளிய நில்லு."

அவர் வெளியே போய் நின்றார்.